தறி நின்ற வருஷம்

ஆரணிக்குப் போகிறவர்கள் சாதாரணமாக இரண்டு காரியங்களுக்காகப் போவார்கள். ஒன்று, கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுக்க. மற்றொன்று, அரிசி பிடிக்க. இரண்டுக்கும் பெயர் போன ஊர் அது. நான் போனது இரண்டுக்கும் அல்ல. வெகு நாளாக மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த ஒரு கேள்வியோடு போனேன். கேள்வி மிகப் பழையது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால், ஒரு குழந்தை நோயில் கிடந்தால், நாமெல்லோரும் கேட்கிற கேள்விதான். "தெய்வம் நல்லது என்கிறீர்களே, அப்படியானால் இந்தக் கஷ்டம் எதற்கு?"

இந்தக் கேள்விக்கும் ஆரணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்குப் பாதை. ஊரோரமாகக் கமண்டல நாகநதி. ஆறு என்று பெயரே ஒழிய, வருஷத்தில் பெரும் பகுதி மணலைத்தான் பார்க்கலாம். மராட்டிய ஜாகீர்தார்களின் ஊர் இது. 1751-ல் கிளைவும், 1782-ல் ஹைதர் அலியும் இங்கே சண்டை போட்டதைச் சரித்திரப் பாடத்தில் படித்துவிட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம். ஊர் அதை மறந்து வெகு காலமாயிற்று. நெசவுத் தெருவுக்குள் நுழைந்தால் காதில் விழுவது பீரங்கிச் சத்தம் அல்ல, தறிச் சத்தம். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நெசவாளி உட்கார்ந்திருக்கிறார். காலால் மிதிக்கிறார், பாவு இரண்டாகப் பிரிகிறது. நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறது. அச்சை இழுத்து ஒரு தட்டுத் தட்டுகிறார். ஊடையில் ஓர் இழை சேர்ந்தாயிற்று. இப்படி எத்தனை ஆயிரம் இழை சேர்ந்தால் ஒரு புடவை!

கிறிஸ்தவப் பிரசங்கங்களில் அடிக்கடி வருகிற உவமை ஒன்று உண்டு. நான் விபூதி பூசுகிற வீட்டில் பிறந்தவன். ஆனால் படித்தது பாதிரிமார் பள்ளிக்கூடத்தில். அங்கே இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். கடவுள் ஒரு நெசவாளி. நம் வாழ்க்கை அவருடைய தறியில் இருக்கும் துணி. நாம் காண்பது துணியின் மறுபுறத்தை மட்டுமே. அங்கே முடிச்சும் அறுந்த நுனியும் தாறுமாறான இழைகளும்தான் தெரியும். மேற்புறத்தை அவர் ஒருவரே பார்க்கிறார். அங்கே கரையும் புட்டாவும் அழகாக விழுந்துகொண்டிருக்கின்றன. நம்முடைய துன்பம் அவர் கையிலுள்ள கறுப்பு இழை. அதுவும் இல்லாமல் சித்திரம் நிறைவு பெறாது.

அழகான உவமை. எத்தனையோ பேர் கண்ணீரைத் துடைத்திருக்கும். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆரணித் தெருவில் நின்று அதை நினைத்துப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. கறுப்பு இழையும் இழைதானே? தறி ஓடினால்தானே கறுப்பு, சிவப்பு என்ற பேச்சு? தறியே நின்றுபோனால் என்ன சொல்வது?

அப்படி நின்றுபோன வருஷம் ஒன்று உண்டு.

தாது வருஷத்துப் பஞ்சம் என்று பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்ததைக் கேட்டிருப்பீர்கள். 1876-ஆம் வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்ய வேண்டிய மழை பொய்த்தது. சரி, அடுத்த பருவத்தில் பெய்யும் என்று பார்த்தார்கள். தாது போய் ஈசுவர வருஷம் பிறந்தது; 1877-ல் தென்மேற்குப் பருவமும் கைவிட்டது. சென்னை ராஜதானி, மைசூர், ஹைதராபாத், பம்பாய் ராஜதானியின் ஒரு பகுதி என்று தக்காணம் முழுவதும் காய்ந்தது. 1878-ல் நிலைமை தெளிவதற்குள் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல். எண்பது லட்சம் வரை கணக்குச் சொல்கிறவர்களும் உண்டு. வட ஆற்காடு ஜில்லா இந்தப் பஞ்சத்தின் நடுவில் இருந்தது. ஆரணி அந்த ஜில்லாவில் இருந்தது.

பஞ்சம் என்றால் நமக்கு உடனே வெடித்த வயலும் உழவனும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். நெசவாளியின் பாடு வேறு மாதிரி. அவனுக்கு வயல் இல்லை. வெடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. அரிசி விலை ஏறுகிற அன்றைக்கே ஜனங்கள் துணி வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். சோறா, சேலையா என்று வந்துவிட்டால் சேலையைப் பற்றி யார் நினைப்பார்கள்? ஆகவே, உலகத்தில் எல்லாம் விலை ஏறும்போது அவன் கையிலிருக்கும் சரக்கு ஒன்றுதான் விலை இறங்குகிறது. ஆரணி அந்நாளில் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். அந்த நயமான துணிக்குப் பஞ்ச காலத்தில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கார் நிவாரண வேலைகள் ஆரம்பித்தது. ரோடு போடுவது, ஏரி வெட்டுவது, கல் உடைப்பது. சென்னையைத் தொட்டு ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பெரும் பகுதி இந்தப் பஞ்சத்துக் கூலியாட்கள் வெட்டியதுதான். ஆனால் குழியில் உட்கார்ந்து இழை பிடித்துப் பழகிய கை, வெயிலில் நின்று சம்மட்டி பிடிக்குமா? பிடித்துக் காய்ப்பு ஏறிவிட்டால், பஞ்சம் தீர்ந்த பிறகு அந்தக் கைக்கு மெல்லிழை பிடிபடுமா? இதைச் சில அதிகாரிகள் புரிந்துகொண்டார்கள். நெசவாளிகளுக்கு நூலைக் கொடுத்து, நெய்த துணியைச் சர்க்காரே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு சில இடங்களில் நடந்தது. நல்ல மனம் படைத்தவர்கள் எந்தக் காலத்திலும் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

மற்றவர்களும் இருந்தார்கள். 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் தர்பார் நடந்தது. விக்டோரியா மகாராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி ஆனார். வைசிராய் லிட்டன் பிரபு அதை நடத்தினார். அதே மாதம் ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவர், பஞ்சச் செலவைச் சுருக்குவதற்காகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அவர் ஒரு கணக்குப் போட்டார். நாள் முழுவதும் வேலை செய்யும் ஆண்பிள்ளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், "இதைத் தின்றுவிட்டு மனிதன் வேலை செய்ய முடியாது, மெதுவாகச் சாகத்தான் முடியும்" என்ற கருத்தில் விடாமல் வாதாடினார். சில மாதங்களில் அளவைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அதற்குள் எத்தனையோ பேருக்கு அந்த வாதம் தேவையில்லாமல் போய்விட்டது.

தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக்கூடாது, விலை தானாகவே சமனப்படும் என்பது அன்றைய பெரிய மனிதர்களின் சித்தாந்தம். அதாவது, அவர்களிடத்தில் பஞ்சத்துக்கு ஒரு விளக்கம் இருந்தது. விளக்கம் இருந்ததால் நிம்மதியாகத் தூங்கினார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; மறுபடியும் வருவோம்.

அந்தச் சமயத்தில் ஆரணியில் கிறிஸ்தவ சபை ஒன்று இருந்தது. அமெரிக்கச் சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஆற்காடு மிஷனின் ஆரம்ப நிலையங்களில் ஆரணியும் ஒன்று. 1853-ல் அந்த மிஷனைத் தொடங்கியவர்கள் மூன்று சகோதரர்கள்: ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப். மூவரும் ஸ்கட்டர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய தகப்பனார் டாக்டர் ஜான் ஸ்கட்டரின் கதை ஒரு நாவலுக்கு ஆகும்.

அவர் நியூயார்க்கில் நன்றாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்த வைத்தியர். ஒரு நோயாளியின் வீட்டில் கிடந்த சின்னப் பிரசுரம் ஒன்றைப் புரட்டினார். கீழ்நாடுகளுக்கு ஊழியர்கள் தேவை என்று அதில் எழுதியிருந்தது. 1819-ல், இருபத்தைந்து வயதில், தொழிலை உதறிவிட்டு மனைவி ஹாரியட்டையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு கப்பலேறிவிட்டார். கப்பல் கல்கத்தா வந்து சேர்ந்ததும் அந்தக் குழந்தை இறந்துபோயிற்று. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் போய்க் குடியேறினார்கள். அங்கே பிறந்த குழந்தையும் தங்கவில்லை. இப்படி மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். பிறகு பிறந்த பிள்ளைகளில் ஏழு ஆண்மக்கள் மிஷனரிகளாக இந்த நாட்டில் ஊழியம் செய்தார்கள். 1836-ல் அவர் சென்னைக்கு வந்தார். 1849-ல் ஹாரியட் சென்னையில் காலமானார். 1855-ல் ஜான் ஸ்கட்டர் தென்னாப்பிரிக்காவில் இறந்தார்.

ஒரு தாய், முதல் குழந்தையைப் புதைத்த மண்ணிலிருந்து அடுத்த கப்பலில் வீடு திரும்பாமல், இன்னும் தெற்கே போகிறாள். "என் தேவன் நல்லவர்" என்றும் சொல்கிறாள். இதை எப்படிப் புரிந்துகொள்வது? மதப்பித்து என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். அப்படித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. விசுவாசம் என்ற சொல்லுக்குக் கிறிஸ்தவர்கள் கொள்ளும் பொருள், ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்திருப்பது மட்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒருவரைப் பற்றிய நிச்சயம் அது. அவர் செய்வது புரியாதபோதும் அவரைப் பற்றிய அந்த நிச்சயம் அசைவதில்லை என்பது அவர்கள் அனுபவம்.

ஆனால் இது மிஷனரியின் நிச்சயம். அவருக்குத் திரும்பிப் போக ஊர் இருந்தது, சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஆற்காடு மிஷனில் சேர்ந்த நம்மவர்களோ பெரும்பாலும் சேரிகளில் வாழ்ந்த ஏழைக் கூலிகள். நிலம் அற்றவர்கள். தாது வருஷம் வந்தபோது முதலில் அடி வாங்கியவர்கள் அவர்கள்தாம். ஞாயிற்றுக்கிழமை ஓலைக் கூரைக்குள் உட்கார்ந்து, தேவன் அன்பாயிருக்கிறார் என்று உபதேசியார் சொல்லக் கேட்டவர்கள், திங்கட்கிழமை முளைக்கீரையும் கற்றாழைக் கிழங்கும் தேடி அலைந்தார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் சொன்னவர்கள் இருந்தார்கள். ஜனங்களின் பாவத்துக்குத் தெய்வம் அனுப்பிய தண்டனை என்று பிரசங்கம் செய்த பாதிரிமார் உண்டு. முன்ஜன்ம வினை என்று சொன்ன நம்முடைய பெரியவர்களும் உண்டு. அரசாங்கத்தின் பதிலை முன்பே பார்த்தோம். மூன்று பேரும் மூன்று பாஷையில் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். பட்டினி கிடந்தவனைப் பார்த்து, அவன் பட்டினிக்கு நியாயம் சொன்னார்கள்.

கிறிஸ்தவ வேதத்தில் இதற்கென்றே ஒரு கதை இருக்கிறது. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் எப்போதும் ஒரு மயக்கம். யோபு என்று ஒரு செல்வந்தன், உத்தமன். ஒரே நாளில் மாடு, ஒட்டகம், பிள்ளைகள் எல்லாம் போய்விடுகின்றன. பிறகு உடம்பெல்லாம் புண். ஓட்டுச் சில்லை எடுத்துச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று சிநேகிதர்கள் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். வந்தவர்கள் ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரைக்கும் எவ்வளவு நல்ல சிநேகிதர்கள்! வாயைத் திறந்தார்கள், கெட்டது. நீ ஏதாவது குற்றம் செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் அடிப்பாரா என்று ஆரம்பித்து, அத்தியாயம் அத்தியாயமாக விளக்குகிறார்கள். யோபு ஒப்புக்கொள்வதில்லை. கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். வந்து பதில் சொல்லட்டும் என்கிறான். கேட்கிறவர்களுக்கு அது நாஸ்திகமாகக்கூடத் தோன்றும்.

கடைசியில் கடவுள் வருகிறார். ஏன் அடித்தேன் என்று யோபுவுக்கு அவர் விளக்கம் சொல்வதே இல்லை. ஆனால் ஒரு தீர்ப்புச் சொல்கிறார். தமக்காகப் பரிந்து பேசிய அந்த மூன்று பேரும் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்றும், சண்டை போட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்றும் சொல்லிவிடுகிறார். கடவுளுக்கு வக்கீலாக ஆஜரானவர்களுக்குக் கடவுளே அபராதம் போட்ட கதை அது!

இதை வைத்துப் பார்த்தால் கிறிஸ்தவ நிச்சயத்தின் உள்ளே முறையீட்டுக்கு இடம் இருக்கிறது என்று தெரிகிறது. சங்கீதப் புஸ்தகத்தில் பல பாட்டுகள் அழுகையும் குற்றச்சாட்டும்தான். சிலுவையில் தொங்கிய இயேசுவே தம் பிதாவைப் பார்த்துக் கேள்வி கேட்டார் என்று சுவிசேஷம் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது. பிள்ளை தாயின் மேல் கோபித்துக்கொண்டு முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. முந்தானை அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கை இருப்பதால்தானே இழுக்கிறது?

அதே தாது வருஷத்தில், ஆரணியிலிருந்து வெகு தூரத்தில், காவேரிக்கரையிலுள்ள மாயவரத்தில் ஒரு தமிழர் இப்படித்தான் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவர் பெயர் வேதநாயகம் பிள்ளை. என் போன்ற நாவல்காரர்களுக்கெல்லாம் அவர் பாட்டனார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-ல் வெளியிட்டவர். கத்தோலிக்கக் கிறிஸ்தவர். ஜில்லா முன்சீபாக இருந்து 1872-ல் உத்தியோகத்தைவிட்டு விலகியவர். சிரிக்கச் சிரிக்கக் கதை எழுதியவர் என்றுதான் அவரை நாம் அறிவோம். அந்தச் சிரிப்பு அச்சேறுவதற்குச் சற்று முந்திய நாட்களில் அவர் வாசலில் பட்டினிக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

வேதநாயகம் பிள்ளை இரண்டு காரியங்கள் செய்தார். தம் கைப்பொருளைச் செலவு செய்து ஜனங்களுக்குச் சோறு போட்டார். பஞ்சத்தைத் தீர்க்கும்படி கடவுளிடம் முறையிட்டுக் கீர்த்தனைகள் பாடினார். 1878-ல் வந்த அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை எந்த மதத்தினரும் கூச்சமில்லாமல் பாடலாம். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது அதே ஊரில் இருந்தவர். பரம சைவர். அவரே இந்தக் கிறிஸ்தவரின் கொடையைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார் என்றால், அந்தச் சோற்றின் ருசி எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம். பாட்டு மேலே போயிற்று; சோறு வெளியே போயிற்று. பஞ்சத்துக்கு நியாயம் சொல்லும் வேலையை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய குணம் என்று நான் சொல்லவில்லை. பஞ்சத்துக்கு ஒன்பது வருஷம் முன்பே, 1867-ல், வடலூரில் இராமலிங்க அடிகள் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அடுப்பு மூட்டுகிறவர்கள் எல்லாச் சமயத்திலும் ஒரே ஜாதி.

ஆனால் சோற்றோடு ஒரு சங்கடமும் வந்தது. பஞ்ச காலத்தில் கிறிஸ்தவ சபைகளில் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் பதினாயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். "கஞ்சிக்குச் சேர்ந்தவர்கள்" என்று ஊர் சிரித்தது. அந்தக் கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. பசித்தவனுக்கு ஒரு கையால் கஞ்சியும் மறு கையால் மதமும் கொடுத்தால், அவன் எதை வாங்கிக்கொண்டான் என்று யாருக்குத் தெரியும்? கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது.

இந்தச் சங்கடத்தை நேராகச் சந்தித்தவர் ஒருவர் உண்டு. ஆந்திரத்தில் ஓங்கோலில் இருந்த ஜான் கிளஃப் என்ற அமெரிக்கப் பாதிரியார். இளமையில் நிலம் அளக்கும் சர்வேயராக இருந்தவர். பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் வேலையைத் தாமே காண்ட்ராக்ட் எடுத்து, பட்டினி கிடந்த மாதிகர்களுக்குக் கூலி கொடுத்தார். வேலை செய்தவர்களில் பலர் ஞானஸ்நானம் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். நிவாரணம் நடக்கிற வரைக்கும் ஒருவருக்கும் கிடையாது என்று ஏறக்குறைய பதினைந்து மாதம் பிடிவாதமாக இருந்தார். பஞ்சம் தணிந்து, பணம் கொடுப்பதையும் நிறுத்தி, இனிமேல் வருகிறவனுக்கு ஒரு காசும் கிடைக்காது என்று தெரிந்த பிறகே கதவைத் திறந்தார். 1878 ஜூலை 3-ஆம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அந்த ஜனங்கள் பஞ்சத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்கள். பிள்ளைகளைப் புதைத்தவர்கள். கஞ்சித்தொட்டியும் மூடியாயிற்று. அதற்குப் பிறகு வந்து, கடவுள் எங்களை நேசிக்கிறார் என்று சொன்னால், அதைக் கஞ்சிக்காகச் சொன்னது என்று தள்ள முடியவில்லை. ஊர் அவர்களைத் தீண்டாமல் ஒதுக்கிவைத்திருந்தது. உலகத்தில் ஒருவராவது தங்களை விரும்புகிறார் என்ற செய்தி அவர்களுக்கு எப்படிப்பட்ட செய்தி! மூன்று வேளை சாப்பிட்டுவிட்டுத் தத்துவம் பேசுகிற நமக்கு அது எளிதில் விளங்காது.

இனி வேலூருக்குத் திரும்புவோம். பஞ்ச காலத்தில் அங்கே, ஸ்கட்டர் குடும்பத்து மிஷன் வீட்டில், ஐடா என்ற ஆறு வயதுப் பெண் குழந்தை இருந்தாள். பழைய ஜான் ஸ்கட்டரின் பேத்தி. காம்பவுண்டுக்குள் பட்டினிக் குழந்தைகள் கிடந்தார்கள். ரொட்டியைக் கையில் கொடுத்தால் வாய்க்குக் கொண்டுபோகக்கூடத் தெம்பு இல்லை. இந்தச் சிறுமி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து, தன் வயதுக் குழந்தைகளின் வாயில் ஊட்டினாள்.

இதைப் பார்த்த குழந்தைக்குப் பக்தி பெருகியது என்று எழுதினால் கதை நேர்த்தியாக இருக்கும். நடந்தது வேறு. குடும்பம் அமெரிக்காவுக்குப் போயிற்று, பெண் வளர்ந்தாள், இந்தியாவுக்கு இனி வருவதில்லை, மிஷனரி ஆவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டாள். எனக்கு அந்தத் தீர்மானத்தின்மேல் மதிப்பு உண்டு. அந்தப் பசி முகங்களைப் பார்த்துவிட்டு ஓடத் தோன்றாதவர் யார்?

1890-ஐ ஒட்டித் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள வந்தாள். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். ஒரே இரவில் மூன்று வீட்டார் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு ஹிந்து ஜாதிக்காரர். மூவருக்கும் ஒரே கஷ்டம்: வீட்டில் இளம் மனைவிக்குப் பிரசவ வேதனை. "அப்பா டாக்டர், அழைத்துக்கொண்டு போங்கள்" என்றாள். ஆண்பிள்ளை வைத்தியர் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். விடிந்ததும் பறைச் சத்தம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஐடா அமெரிக்காவுக்குப் போய் 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். வந்த சில மாதத்தில், 1900-ல், உடன் நின்று கற்றுக்கொடுப்பார் என்று எண்ணியிருந்த தகப்பனாரும் இறந்தார். 1902-ல் வேலூரில் சின்ன ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி. அதுதான் வளர்ந்து இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1960-ல் அவர் காலமானபோது வேலூரின் பெயர் உலகத்துக்கே தெரிந்திருந்தது.

பக்திமான்கள் சிலர், ஐடாவை அழைப்பதற்காகவே கடவுள் அந்த மூன்று பெண்களை எடுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் மறுபடியும் வாயைத் திறந்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. அந்த மூன்று பெண்களும் வேறு ஒருவருடைய கதைக்கு முன்னுரையாகப் பிறந்தவர்கள் அல்ல. அவர்களுக்கும் புருஷன், வீடு, குழந்தைக்கென்று தைத்துவைத்த துணி எல்லாம் இருந்திருக்கும். அவர்கள் சாவுக்கு ஐடாவிடம் விளக்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பறைச் சத்தத்தில் அவர் கேட்டது ஒரு கூப்பாடு. கூப்பிட்டவர் நல்லவர் என்று நம்பினார், போனார். அவ்வளவுதான்.

கஷ்டத்தில் தெய்வத்தின் அன்பைப் பற்றிய நிச்சயம் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது பிறர் பட்டினிக்குக் காரணம் சொல்லப் பயன்படும் சாஸ்திரம் ஆகிவிட்டால், டெம்பிள் துரையின் கணக்குப் புத்தகத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அதே நிச்சயத்தைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, கடவுளோடு வாதாடிக்கொண்டே, பக்கத்தில் இருப்பவனுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவனிடம் அது வேறு பொருள் ஆகிறது. இப்படிச் சொல்வதால் கணக்குத் தீர்ந்துவிடவில்லை. கடவுள் நல்லவர் என்று கடைசி மூச்சுவரை நம்பிக்கொண்டே தாது வருஷத்தில் செத்துப்போன ஏழைகள் இருந்தார்கள். அவர்கள் பானை கடைசிவரை நிரம்பவில்லை. அவர்கள் நம்பிக்கை வீணா என்று கேட்டால், வீண் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. எல்லாம் நன்மைக்கே என்று சொல்லவும் எழவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் அந்த ஏழு நாளில் செய்ததுபோலப் பக்கத்தில் உட்காரத்தான் தோன்றுகிறது.

ஆரணித் தெருவில் அன்று நான் எட்டிப் பார்த்த வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. பாவில் ஓர் இழை அறுந்துவிட்டது. நெசவாளி முகம் சுளிக்கவில்லை. ஏன் அறுந்தது என்று என்னிடம் வியாக்கியானமும் செய்யவில்லை. குனிந்து, ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்த நுனியை விரலால் தேடினார். கொஞ்ச நேரம் ஆயிற்று. கிடைத்தது. இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கிப் பிணைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "உட்காருங்க, ஐயா. புடவை எடுக்க வந்தீங்களா?" என்றார்.

தறி மறுபடியும் ஓடத் தொடங்கியது.